பூட்டிய அலுமாரியும் சைக்கிள் டைனமோவும்

விஞ்ஞானம் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தே நம்மவருட் பலருக்கு வெண்ணிற மேலங்கியும், கண்ணாடிக் குழாய்களும், நுணுக்குக்காட்டியும் மனக்கண்முன் தோன்றுதல் இயல்பு. எமக்குத் தோன்றுவதோ ஒரு ஜாம் போத்தல். அதனடியிற் சிறிது பஞ்சு. பஞ்சில் ஊறிய மண்ணெண்ணெய். மெல்லிய கம்பியொன்று தாங்கி நிற்கும் நூற்றிரி. போத்தலின் கண்ணாடியே சிம்னியாக நின்று காற்றைத் தடுக்கும். 1990 ஆம் ஆண்டிலே போர் மீண்டும் மூண்டபோது வடக்கின்மேல் விழுந்த பொருளாதாரத் தடையின்கீழ் வளர்ந்த பிள்ளைகள் இவ்விளக்கை நன்கறிவர். நாமும் இதன் முன்னிருந்தே பௌதிகவியல் படித்தோம். இன்று கிளிநொச்சிப் பகுதியிலே கல்லூரியொன்றில் அதே பாடத்தைக் கற்பித்து வருகின்றோம்.

அத்தடைக் காலத்தை இளைய வாசகர்கள் அறியார். ரோச் லைற்றுக்குப் போடும் பற்றரி வன்னிக்கு வருதல் கூடாது. பெற்றோல் இல்லை, மண்ணெண்ணெய் அளந்து கிடைக்கும், மின்சாரம் என்பது பாடநூலில் மாத்திரம் இருந்த ஒரு பொருள். அந்நிலையிலும் இரவிலே பி.பி.சி. தமிழோசையைக் கேட்காது உறங்கியவர் அரிது. எவ்வாறு கேட்டனர்? சைக்கிளை ஸ்ராண்டில் உயர்த்தி நிறுத்தி, பின்சில்லோடு டைனமோவை அழுத்தி வைத்து, ஒருவர் மிதிக்க ஒன்பது பேர் சுற்றியிருந்து கேட்டனர். மிதிப்பவர் களைத்தாற் செய்தியும் களைக்கும். டைனமோ தருவது ஆடலோட்டம். வானொலிக்கு வேண்டியதோ நேரோட்டம். எமது கிராமத்திலே வானொலி திருத்தும் ஒருவர், பழைய பெட்டியொன்றிலிருந்து கழற்றிய நான்கு இருவாயிகளையும் ஒரு கொள்ளளவியையும் பற்றாசு வைத்து இணைத்து இக்குறையைத் தீர்த்தார். அவர் எந்தப் பரீட்சையிலும் சித்தியடைந்தவரல்லர். ‘‘போறதும் வாறதுமாய் நிக்கிற கரண்டை ஒரு பக்கமாய்ப் போகச் செய்யிறது'' என்று அவர் சொன்ன விளக்கத்திலும் தெளிவான விளக்கத்தைப் பல்கலைக்கழகத்திலும் நாம் கேட்டோமில்லை.

மோட்டார்ச் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடிய கதையும் அத்தகையதே. இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது மண்ணெண்ணெய் போதிய அளவு ஆவியாகாது. ஆகவே சிறு போத்தலில் வைத்திருந்த பெற்றோலிற் சில துளிகளைப் பீச்சி இயந்திரத்தைக் கிளப்புவர். சூடேறியபின் மண்ணெண்ணெயே போதும். பெற்றோலின் ஆவி பூச்சியத்துக்கு நாற்பது பாகை கீழேயும் தீப்பற்றும். மண்ணெண்ணெய்க்கோ ஏறத்தாழ முப்பத்தெட்டுப் பாகைக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். இவ்வெண்களை அறியாத மக்கள் இவ்வுண்மையை அறிந்திருந்தனர்.

நிற்க. இவ்வளவு விஞ்ஞானமும் வீட்டு முற்றத்தில் நடந்துகொண்டிருந்தபோது எமது வகுப்பறையில் நடந்தது யாது? ஆசிரியர் குறிப்புச் சொல்ல நாம் எழுதினோம். ‘மின்காந்தத் தூண்டல்' என்று தலைப்பிட்டு, கீழே இரட்டைக் கோடிட்டு, வரைவிலக்கணத்தை மனனஞ் செய்தோம். முதல்நாள் இரவு நாம் காலால் மிதித்ததுதான் அத்தூண்டல் என்று ஒருவரும் சொல்லவில்லை, எமக்கும் தோன்றவில்லை. அவ்வாசிரியர்மீது எமக்குக் குறையில்லை. எறிகணைக்கு அஞ்சிப் பதுங்குகுழியின் அருகே நின்று பாடஞ் சொன்னவர்கள் அவர்கள். ஆயினும் அந்த இடைவெளி எம்மை இன்றும் உறுத்துகின்றது.

தமிழிற் கற்றமையால் வந்த குறை இது என்று சொல்வாருமுளர். அக்கூற்றை நாம் ஒப்புக்கொள்ளோம். 1847 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலே மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலும் கற்பித்து, 1873 இல் திரும்பிச் செல்லுமுன் அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்களை உருவாக்கினார். உடற்கூற்றுக்கும் இரசாயனத்துக்கும் தமிழ் நூல்கள் அவர் முயற்சியால் அச்சேறின. நூற்றாண்டின் பின்னர், 1950 களிலும் 1960 களிலும், இந்நாட்டு அரசகரும மொழித் திணைக்களத்தார் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டனர். ஒட்சிசன், ஐதரசன், காபனீரொட்சைட்டு என்று நாம் இன்றும் எழுதுவது அவ்வழியில் வந்ததே. தமிழகத்து நண்பர்கள் இச்சொற்களைக் கண்டு புன்முறுவல் செய்வதுண்டு; செய்யட்டும். ஈண்டு நாம் சொல்ல வந்தது வேறு. ‘தூண்டல்' என்பது எங்கிருந்து வந்த சொல்? எமது பாட்டிமார் மங்கும் விளக்கின் திரியைத் தூண்டினார்கள். தொடாமலே ஒரு சுருளில் மின்னை எழுப்புவதற்கு இதனினும் பொருத்தமான சொல் வேறு யாதுளது? சொல் வீட்டிலிருந்து வகுப்பறைக்கு வந்தது. பொருள் மாத்திரம் வாசலில் நின்றுவிட்டது.

அதற்குக் காரணம் பரீட்சை என்று துணிந்து கூறுவோம். க.பொ.த. உயர்தரத்தில் பௌதிகவியலுக்கோ இரசாயனவியலுக்கோ தனியான செய்முறைப் பரீட்சை இல்லை. பரிசோதனைகளைப் பற்றி அமைப்புக் கட்டுரை வினாக்கள் உண்டு. அவற்றுக்கு விடை எழுதக் கை வேண்டியதில்லை, ஞாபகசக்தியே போதும். வேணியர் இடுக்கிமானியைக் கையாற் தொடாமலே அதன் பூச்சிய வழுவைத் திருத்தி முழுப் புள்ளி பெற்ற மாணாக்கரை நாம் கண்டிருக்கின்றோம். 1972 ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் ஒருங்கிணைந்த விஞ்ஞானத்தையும், ஊர்த்தொழில்களை ஆராயும் தொழில்முன்னிலைப் பாடத்தையும் கொண்டுவந்தது. தொழிலைப் படிக்கவா பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினோம் என்று பெற்றோர் முகஞ் சுளித்தனர். 1977 இல் அரசு மாறியதும் அந்த ஏற்பாடும் போயிற்று. 2013 முதல் உயர்தரத்தில் தொழினுட்பத் துறை வந்துள்ளது. நன்றே. ஆயினும் அதனையும் ‘விஞ்ஞானம் கிடைக்காதவர்கள் போகுமிடம்' என்று சொல்லும் வாய்கள் நம்மிடையே உள.

இரண்டாவது காரணம் அலுமாரி. நாம் ஆசிரியராகச் சேர்ந்த புதிதிற் பணியாற்றிய பாடசாலையொன்றில் ஆய்வுகூட அலுமாரி எப்போதும் பூட்டியே இருக்கும். உள்ளே கல்வனோமானி, முகவைகள், வில்லைகள் எல்லாம் புத்தம் புதியனவாய்ப் பளபளத்தன. உடைந்தால் பொருட்பதிவேட்டில் எழுதவேண்டும். எழுதினால் ஆண்டிறுதியில் விளக்கங் கொடுக்கவேண்டும். கொடுத்தால் தன் பணத்திற் கட்டவேண்டி வருமோ என்ற அச்சம். ஆகவே பூட்டு. ஒரு பரிசோதனைக் குழாயும் உடையாத ஆய்வுகூடத்தைப் பார்வையிட வந்தவர்கள் பாராட்டிச் சென்றதை நாமே கண்டோம்! பின்னர் போர் அப்பாடசாலையின் கூரையையும் அலுமாரியையும் ஒருங்கே கொண்டுபோயிற்று. அந்தக் கல்வனோமானியின் ஊசி ஒருமுறையேனும் அசைந்திராது.

2009 ஆம் ஆண்டின் முற்பாதியைப் பற்றி இப்பத்தியில் எழுத நாம் விரும்பவில்லை. செட்டிகுளம் மெனிக் பாம் முகாமிலே, தறப்பாள் கூடாரத்தின்கீழ் இருந்து படித்த பிள்ளைகள் அவ்வாண்டு ஓகஸ்டில் உயர்தரப் பரீட்சை எழுதினார்கள் என்பதை மாத்திரம் சொல்லி அப்பாற் செல்வோம்.

2011 இல் மீள்குடியேறிய கிராமமொன்றின் பாடசாலைக்கு நாம் அனுப்பப்பட்டோம். அங்கே அலுமாரியே இல்லை. எமக்கு ஒருவகை மகிழ்ச்சி. இனிப் பூட்ட ஒன்றுமில்லையன்றோ! மின்காந்தம் செய்யலாம் என்று எண்ணி, ஒன்பதாந் தரத்துப் பிள்ளைகளை நோக்கி, ‘‘நாளைக்கு வரும்போது பழைய வயர், ஆணி, இரும்புத் துண்டு எதுவெண்டாலும் பொறுக்கிக் கொண்டு வாருங்கோ'' என்றோம். அக்காலத்திற் பழைய இரும்பு பொறுக்கி விற்றே பல குடும்பங்கள் அடுப்பெரித்தன என்பது எமக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னோம்.

மறுநாட் காலை ஒரு சிறுவன் தன் புத்தகப்பையை வாங்கின்மேல் வைத்துத் திறந்தான். துருவேறிய, கைக்கடங்கிய ஒரு பொருள். அதன் பின்பக்கத்தே சிறகுபோன்ற தகடுகள். ‘‘நல்ல பாரம் சேர்'' என்று பெருமையோடு எம்மிடம் நீட்டினான்.

அதனை மெல்ல வாங்கின்மேல் வைக்கச் சொல்லி, பிள்ளைகளைப் பின்வாசலால் வேலிக்கப்பால் அனுப்பும்வரை எமது குரல் நடுங்காதிருந்தது எப்படி என்பதை இன்றும் நாம் அறியோம். கண்ணிவெடி அகற்றுவோர் வந்து அதனை எடுத்துச் சென்றனர். ஒருவருக்கும் ஊறில்லை. அச்சிறுவனை ஒருவரும் அடிக்கவில்லை. அவன் ஆசிரியர் சொன்னதையே செய்தான். பிழை முழுவதும் எம்முடையது.

அதன் பின் நாமும் பூட்டினோம். அலுமாரியையன்று, வாயை. ஏறத்தாழ நான்காண்டுகள் கரும்பலகையில் எழுதிப்போட்டு, பிள்ளைகள் பார்த்தெழுத, பரீட்சைப் பெறுபேறுகள் நன்றாகவே வந்தன. பெற்றோரும் அதிபரும் எம்மைக் கெட்டிக்கார ஆசிரியர் என்றனர். அந்நாட்களிலே எவனேனும் ஒரு பிள்ளை ‘‘ஏன் சேர்?'' என்று கேட்டதாக எமக்கு நினைவில்லை. கேள்வி எழும்பாத வகுப்பை நடத்துதல் மிக எளிது என்பதை அப்போது கற்றோம்.

இதற்கிடையே ஊர் மாறிக்கொண்டிருந்தது. 2014 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரிலே தொடங்கிற்று. விவசாய பீடமும் அங்கேயே அமைந்தது. பின்னர் தொழினுட்ப பீடமும் வந்தது. வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. பளைப் பகுதியிற் காற்றாலைகள் எழுந்து சுழலத் தொடங்கின. பாடசாலைப் பேருந்திலிருந்து அவற்றைக் காணும் பிள்ளை, அதன் உச்சியில் இருப்பது அப்பாவின் பழைய சைக்கிளில் இருந்த அதே வித்தைதான் என்பதை அறியாது வளர்வதா? அறிவியல் நகர் என்று ஊருக்குப் பெயரிட்டுவிட்டு, அருகேயுள்ள பள்ளிகளிலே குறிப்புச் சொல்லிக் கொண்டிருப்பதா? இவ்வெண்ணம் எம்மை வருத்திற்று.

ஈற்றில் ஒருநாள் நாம் சந்தையிலே பழைய டைனமோ ஒன்றை வாங்கினோம். ஆறு வோல்ற்று, மூன்று உவாற்று. அதை எமது சைக்கிளிலேயே பூட்டி, சைக்கிளை வகுப்பறைக்குள் உருட்டிச் சென்று தலைகீழாக நிறுத்தினோம். பிள்ளைகளிடம் ஒன்றும் கொண்டுவரச் சொல்லவில்லை. அன்று முதல் எமது விதி இதுதான்: வெளியிலிருந்து வரும் இரும்பு ஆசிரியர் கையால் வரவேண்டும், பிள்ளை கொண்டுவருவது அடுக்களையிலிருந்து வரவேண்டும்.

ஒவ்வொருவராக வந்து மிதியைக் கையாற் சுழற்றினர். மின்குமிழ் எரிந்தது. விரைவாகச் சுழற்றப் பிரகாசித்தது. எல்லாரும் ஆரவாரித்தனர். இவ்வளவும் நாம் எதிர்பார்த்ததே. பின்வாங்கிலிருந்து வந்த ஒரு சிறுமி மாத்திரம் ஆரவாரஞ் செய்யவில்லை. மின்குமிழுக்குப் போகும் கம்பியைக் கழற்றினாள், சுழற்றினாள், மீண்டும் பூட்டினாள், சுழற்றினாள்.

‘‘பல்ப்பைப் பூட்டினால் மிதி கனக்குது. கழற்றினால் லேசாய்ப் போகுது. ஏன் சேர்?''

வாசகர்களே, லென்சின் விதியை உயர்தர மாணவர் வரி பிசகாமல் ஒப்புவிப்பர். தூண்டப்பட்ட மின்னோட்டம் தன்னைத் தூண்டிய மாற்றத்தை எதிர்க்கும் என்பது அதன் சாரம். ஒளி வேண்டுமெனின் அதற்குரிய உழைப்பை யாரோ ஒருவர் கொடுத்தாக வேண்டும். இயற்கையிலே இலவசம் இல்லை. இதனை இச்சிறுமி விதியின் பெயரறியாது தன் மணிக்கட்டால் அறிந்துவிட்டாள். நாம் விடை சொல்லவில்லை. சொல்ல நாவெழுந்தது, அடக்கிக்கொண்டோம். ‘‘கனக்குது எண்டு உமக்குத் தோன்றுது. மற்றவைக்குத் தோன்றாட்டி என்ன செய்வீர்?'' என்று கேட்டோம். அவள் சற்று யோசித்தாள். சில்லை ஒரே வேகத்திற் சுழற்றிவிட்டு, அது தானாக நிற்குமுன் எத்தனை சுற்றுச் சுற்றுகிறதென்று எண்ணலாம் என்றாள். வால்வுக் கட்டையை அடையாளமாக வைத்து வகுப்பே எண்ணிற்று. பத்துமுறை செய்தனர். மின்குமிழ் பூட்டியிருந்த ஒவ்வொரு முறையும் சில்லு முந்தியே நின்றது. ஒரே வேகத்திற் சுழற்றினோம் என்பதற்கு என்ன சாட்சி என்று ஒரு பையன் மறித்துக் கேட்டான். அக்கேள்விக்கு அன்று எவரிடமும் விடை இல்லை, எம்மிடமும் இல்லை.

1831 இலே மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்த மைக்கேல் பரடே புத்தகங் கட்டும் கடையிலே தொழில் பழகிய ஏழைப் பையன். பெரும்புகழ் பெற்ற பின்னரும் நத்தார் விடுமுறைகளிலே இலண்டன் ரோயல் இன்ஸ்ரிரியூசனிற் சிறுவர்களைக் கூட்டி விரிவுரை நிகழ்த்தினார். 1860 ஆம் ஆண்டின் ஈற்றிலே அவர் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு மெழுகுதிரி. வேறொன்றுமில்லை, எரியும் ஒரு மெழுகுதிரி. எமது ஜாம் போத்தலைக் கண்டிருந்தால் அவர் இன்னும் இரண்டு விரிவுரை கூட்டியிருப்பார்.

அடுக்களையிலிருந்து வந்தவற்றுள் ஒன்றை மாத்திரம் சுருங்கச் சொல்வோம். வன்னியிற் பல கிணறுகளின் நீர் வன்மையானது. தேநீர்க் கேத்தலின் உட்புறத்தே வெண்கல்லாகப் படியும். அதைச் சுரண்டி வந்து தேசிக்காய்ப் புளி விட்டபோது நுரைத்தெழுந்தது. கல்சியங் காபனேற்று, அமிலம், காபனீரொட்சைட்டு என்று மூன்று பாடம் ஒரு கரண்டியில் முடிந்தன. உடனே ஒரு பிள்ளை, ‘‘அப்ப இந்தத் தண்ணி குடிக்கலாமோ?'' என்றது. வவுனியாப் பக்கத்திலே சிறுநீரக நோயால் வருந்தும் குடும்பங்களை அறிந்தவர்களுக்கு அக்கேள்வியின் கனம் விளங்கும். கேத்தற்கல் புளோரைட்டைக் காட்டாது, கொதிக்க வைத்தாலும் புளோரைட்டுப் போகாது, லீற்றருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அதை அளக்க ஆய்வுகூடமே வேண்டும் என்று சொன்னோம். அடுக்களை விஞ்ஞானத்தின் எல்லை எதுவென்று சொல்லாமல் விடுவது, 2011 இல் நாம் செய்த பிழையின் இன்னொரு வடிவமாகும்.

அச்சிறுமியின் கதைக்கு மீள்வோம். டைனமோப் பாடம் நடந்த மறுவாரம் அவள், ‘‘எங்கட அம்மாவின்ர மெஷினுக்குள்ளையும் சுருள்தான் இருக்காம்'' என்றாள். அவளுடைய தாயார் கண்ணிவெடி அகற்றும் வேலைக்குப் போகிறவர். போரிலே கணவரை இழந்த பெண்கள் பலர் வன்னியில் இத்தொழிலை ஏற்றுக் குடும்பங் காத்தனர். அவரை வகுப்புக்கு அழைக்கலாமா என்று கேட்டனுப்பினோம். தாம் எட்டாம் வகுப்போடு நின்றவர், பிள்ளைகளுக்கு என்ன சொல்வது என்று முதலில் மறுத்தார். பின்னர் ஒரு வெள்ளிக்கிழமை வந்தார்.

கருவி அவரிடமில்லை, அது வேலைத்தளத்தை விட்டு வராது. வெறுங்கையோடு நின்று, கையை இடமிருந்து வலமாக, நிலத்துக்குச் சற்று மேலே, ஒரே உயரத்தில், ஒரே வேகத்தில் அசைத்துக் காட்டினார். வகுப்பு மூச்சு விடவில்லை. பின் கருவியின் ஒலியை வாயாலேயே செய்தார். ஆணிக்கு ஒருவிதம், சோடாப் போத்தல் மூடிக்கு ஒருவிதம். ‘‘கனக்க முறை சத்தம் போடுறது குப்பைதான். ஆனா எல்லாத்தையும் வெடியெண்டுதான் நினைச்சுத் தோண்டவேணும். அவசரப்படக்கூடாது'' என்றார். பிளாஸ்ரிக்கினாற் செய்த வெடியிலும் ஊசியளவு உலோகம் இருக்கும், அதையும் காது பிடிக்கும் என்றார்.

நாம் கரும்பலகையிலே சுருளொன்றை வரைந்தோம். அதனுள் மாறிக்கொண்டேயிருக்கும் மின்னோட்டம். அதனால் நிலத்தினுள்ளே மாறும் காந்தப்புலம். அங்கே உலோகம் இருப்பின் அதனுள்ளே சுழலும் சிறு மின்னோட்டம். அது திருப்பியனுப்பும் காந்தப்புலம். அதனைக் கேட்கும் கருவி. உலோகத்துள்ளே எழும் ஓட்டம் தன்னைத் தூண்டிய மாற்றத்தை எதிர்க்கும் என்று நாம் சொன்னபோது, மகள் திரும்பித் தாயைப் பார்த்தாள். ‘‘மிதி கனக்குது எண்டு சொன்னனெல்லோ, அதுதான் அம்மா!''

2011 இல் அந்தப் பையைத் திறந்த சிறுவனை அப்போது நாம் நினைத்துக்கொண்டோம். அவன் இப்போது வளர்ந்து எங்கேயோ இருப்பான்.

மணியடித்துப் பிள்ளைகள் போயினர். தாயார் மாத்திரம் போகாது சைக்கிளின் அருகே நின்றார். தடைக்காலத்திற் செய்தி கேட்பதற்காகத் தகப்பனார் மிதிக்கத் தாம் அருகே இருந்ததாகவும், களைத்தபோது தாமும் மிதித்ததாகவும் சொன்னார். பின் சற்றுத் தயங்கி, ‘‘சேர், இதைக் கழற்றி உள்ளுக்குப் பார்க்கலாமோ? இவ்வளவு காலமும் ஒருநாளும் பார்க்கேல்லை'' என்றார்.

திருகாணி துருப்பிடித்திருந்தது. தேங்காயெண்ணெய் வாங்கி வரும்படி மகளை அடுத்திருந்த கடைக்கு அனுப்பிவிட்டு, இருவரும் வாங்கில் அமர்ந்து காத்திருந்தோம்.